கருப்பொருளாகிவிட்ட பெண்கள்

தனியாகப் பயணம் போன பெண்கள் எழுதும் நூல்களைத் தேடித் தேடி வாசிப்பவள் நான். அவற்றில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வரும். முதுகுப்பையை இறக்கி வைத்துவிட்டு அவள் நீரில் இறங்குவாள். யாருடைய மகளாகவும் மனைவியாகவும் இல்லாத ஒரு கணம் அவளுக்கு வாய்க்கும். அந்தக் கணத்துக்காகத்தான் நாற்பத்திரண்டு வயதில், வீட்டில் ஆயிரம் சமாதானம் சொல்லிவிட்டு, மலாவி ஏரிக்குப் போனேன்.

தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் மலாவி, மொசாம்பிக், தான்சானியா ஆகிய மூன்று நாடுகளும் பகிர்ந்துகொள்ளும் நன்னீர் ஏரி அது. நீளம் 500 கிலோமீட்டருக்கும் மேல். தலைநகர் லிலாங்வேயிலிருந்து பேருந்திலும், பிறகு 'மடோலா' எனப்படும் வண்டியின் பின்புறம் சோள மூட்டைகள் மேல் அமர்ந்தும் கேப் மெக்லியர் போய்ச் சேர்ந்தேன். விடுதி மணலிலேயே இருந்தது. ஓலைக் கூரை, கொசுவலை, எட்டுப் பேர் படுக்கும் அறை. இரவில் ஏரியெங்கும் விளக்குகள். 1859இல் இங்கு வந்த டேவிட் லிவிங்ஸ்டன் இதற்கு 'விண்மீன்களின் ஏரி' என்று பெயரிட்டதாகச் சொல்வார்கள். பயண எழுத்து அந்தப் பெயரை விடுவதேயில்லை. அந்த விண்மீன்கள், 'உசிபா' என்ற பொடிமீனை வெளிச்சம் காட்டிப் பிடிக்கும் படகுகளின் விளக்குகள். படகும் வலையும் பெரும்பாலும் ஆண்களுடையவை. விடியலில் பாத்திரத்தோடு கரையில் காத்திருந்து, மீனை வாங்கி, பரணில் உலர்த்தி, சந்தைக்குக் கொண்டுபோவது பெண்களின் பாடு.

விடுதியில் கேட்ட முதல் எச்சரிக்கை பில்ஹார்சியா பற்றியது. நத்தையிலிருந்து வெளிவரும் புழு, நீரில் நிற்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊர் திரும்பிச் சில வாரம் கழித்துப் பிரசிகுவாண்டல் மாத்திரை போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். நீந்தினேன், மாத்திரையும் போட்டுக்கொண்டேன். பயண எழுத்தில் இது ஒரு வேடிக்கைப் பத்தி. அதே கரையில் துணி துவைத்து, பாத்திரம் தேய்த்து, குழந்தையைக் குளிப்பாட்டும் பெண்ணும் மாத்திரை விழுங்கலாம்; மறுநாள் காலை அதே நீரில்தான் அவள் இறங்க வேண்டும். புழுவின் முட்டைகள் பிறப்புறுப்பில் தங்கினால் வலி, இரத்தப்போக்கு, கருத்தரிக்க இயலாமை. அதைப் பால்வினை நோயென்று தவறாக எண்ணி அவள்மேலேயே பழி போடுவதும் நடக்கிறது.

இன்னொரு வேடிக்கைப் பத்தியும் உண்டு. ஹேஸ்டிங்ஸ் பண்டாவின் ஆட்சியில், 1973இல் வந்த சட்டப்படி, பெண்கள் கால்சட்டையோ முட்டி தெரியும் பாவாடையோ அணியக்கூடாது. பயணிகளுக்கு அது எல்லையில் உடை மாற்றிய கதை. மலாவிப் பெண்களோ ஏறத்தாழ 20 ஆண்டுகள் அந்தச் சட்டத்துக்குள் வாழ்ந்தார்கள்.

பெண்ணின் தனிப்பயணத்தை நான் குறைசொல்லவில்லை. கல்லூரிச் சுற்றுலாவுக்கே அப்பாவின் கையெழுத்து தேவைப்படும் மாணவிகளுக்கு வகுப்பெடுப்பவள் நான். அந்த விடுதலையின் அருமை தெரியும். என் கேள்வி அதை எழுதும் முறை பற்றியது. இந்த ஏரியின் வண்ண மீன்களுக்காக 1984இல் இங்குள்ள தேசியப் பூங்கா உலக மரபுரிமைத் தலமானது. மீன்களை இனம் பிரித்துப் பெயர் சொல்லும் எழுத்து, பெண்களை 'உள்ளூர்ப் பெண்கள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது. சிட்டெஞ்சே துணியின் வண்ணம், தலைச்சுமை, சிரிப்பு: அவ்வளவுதான் அவர்கள். அவர்களில் ஒருத்தி பயணியிடம் கேள்வி கேட்டதாக நான் வாசித்ததில்லை.

என்னிடம் ஒருவர் கேட்டார். மூன்றாம் நாள், மணல் போட்டுப் பானை தேய்த்துக்கொண்டிருந்தவரிடம், விடுதியில் வேலை செய்யும் பெண் மொழிபெயர்க்க, பேச்சுக் கொடுத்தேன். பிள்ளைகள் எத்தனை என்று விசாரித்தார். பிறகு, "நீங்க இங்கே இருக்கீங்களே, உங்க வீட்டுப் பாத்திரத்தை இப்போ யார் கழுவுறாங்க?" என்றார்.

எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. நான் திரும்பும்வரை இரண்டு வேளையும் வரச் சொல்லியிருந்தேன். அதைச் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டுப் பானையைக் கவிழ்த்து வைத்தார்.

ஊர் வந்ததும் நெய்தல் திணை நடத்த வேண்டியிருந்தது. காயும் மீனைக் கவர வரும் பறவைகளைப் பரதவர் மகளிர் ஓட்டும் காட்சி சங்கப் பாடல்களில் உண்டு. உரிப்பொருள் இரங்கல், மீனும் பறவையும் கருப்பொருள். பல ஆண்டுகளாக அப்படித்தான் நடத்தி வந்தேன். கருப்பொருள் பட்டியலில் 'செய்தி' என்றும் ஒன்று உண்டு. தொழில் என்று பொருள். ஒரு மதிப்பெண் வினாவுக்கு மேல் நான் அதை மதித்ததில்லை. இம்முறை மாணவிகளிடம் கேட்டேன்: தலைவனை நினைத்துக் கலங்கும் நேரத்திலும் இவள் மீன் காவல் காக்கிறாளே, அந்த மீனை விற்ற காசு யார் கையில் இருந்திருக்கும்?

வகுப்பு அமைதியாக இருந்தது. கடைசி வரிசையில் ஒருத்தி எழுந்தாள். "எங்கம்மா கருவாடு விக்கிறாங்க மேம். அதையும் சேத்து பரீட்சையில எழுதலாமா?"

எழுதச் சொன்னேன்.