ஏரோஸ்கவுட்: கந்தக பூமியில் ஒரு பயிற்சி விமானம்

ரேடியோ கட்டுப்பாட்டில் பறக்கும் மாதிரி விமானம் விழுந்தவுடன் பழி பெரும்பாலும் சிக்னல் மீதே போடப்படுகிறது. ஒரே அலைவரிசையில் இருவர் இயக்கினால் விமானம் தறிகெட்டுப்போன பழைய கிரிஸ்டல் ரிமோட் காலத்தில் அதில் நியாயம் இருந்தது. அலைவரிசை தானாகப் பிரிந்துகொள்ளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டுகள் வந்தபின் காரணங்களை வேறிடத்தில் தேட வேண்டியிருக்கிறது. புதிதாகக் கற்பவர்களுக்காக ஹாபிஸோன் பிராண்டில் வெளிவந்த ஏரோஸ்கவுட் இதற்கு நல்ல சான்று.

ஃபோமால் ஆன இவ்விமானத்தின் இறக்கை நீளம் ஏறத்தாழ 1.1 மீட்டர். மோட்டாரும் புரொப்பெல்லரும் இறக்கைக்குப் பின்னால் அமைந்திருப்பதால், மூக்கு தரையில் குத்தினாலும் அவை தப்பிவிடுகின்றன. விமானம் இயக்குபவரை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தோன்றுவதே கற்பவர்களை அதிகம் வீழ்த்தும் குழப்பம். ஆனால் தொடக்கநிலைப் பயன்முறையில் கைரோ, அதாவது சாய்வை உணரும் கருவி, சாய்வுக்கு வரம்பிட்டு, ஸ்டிக்கை விட்டதும் இறக்கைகளைச் சமநிலைக்குக் கொண்டுவருவதால் அக்குழப்பத்தின் விளைவு வெகுவாகக் குறைகிறது.

ஆயினும் கைரோ சாய்வை உணருமே தவிர, காற்றை எதிர்த்துச் செல்லும் வேகத்தை அளப்பதில்லை. வேகம் குறைந்த நிலையில் மூக்கைத் தூக்கினால், இறக்கையின் மேற்பரப்பை விட்டுக் காற்று விலகித் தூக்குவிசை சரிந்துவிடும். ஸ்டால் எனப்படும் இந்நிலை தாழ்வான உயரத்தில் நேர்ந்தால், மீள்வதற்கான இடைவெளியே இருக்காது. பேட்டரியைப் பின்னால் தள்ளி வைத்து எடைமையத்தைக் கெடுத்தவரையும் கைரோ காப்பாற்றாது. திருத்தும் திசை தலைகீழாக அமைந்துவிட்டால் அது சாய்வைக் குறைப்பதற்கு மாறாகப் பெருக்கவே செய்யும். பறக்கவிடும் முன் ஸ்டிக்கை அசைத்தும் விமானத்தைக் கையால் சாய்த்தும் ஒவ்வொரு கட்டுப்பாட்டுப் பரப்பும் நகரும் திசையைப் பார்த்தல் ஒரு நிமிட வேலைதான். அதைச் செய்பவர்கள்தாம் குறைவு.

கந்தக பூமியான விருதுநகர் மாவட்டத்தில் பறக்கவிட்டால், வெயிலும் இந்த ஆபத்துகளுடன் சேர்ந்துகொள்கிறது. 40 டிகிரி செல்சியஸில் காற்றின் அடர்த்தி 15 டிகிரியில் இருப்பதைவிட ஏறக்குறைய 8 விழுக்காடு குறைவதால், ஸ்டால் வேகம் 4 விழுக்காடு அளவுக்கு உயர்கிறது. கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசலில் முன்சக்கரம் சிக்கிக்கொள்ளும் என்பதால், கையால் எறிந்து ஏவுவதே மேல்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பறக்கவிட ஏற்றவை போலத் தோன்றும் வெட்டவெளிகள் பலவும் உண்மையில் வெறும் நிலங்கள் அல்ல. பட்டாசு ஆலைகளின் அறைகளுக்கிடையே வெடிபொருள் விதிகள் கட்டாயமாக்கிய பாதுகாப்பு இடைவெளிகளும் அவற்றுள் அடங்கும். ஆலை வளாகங்களுக்குள் மருந்து ஏற்றிய பட்டாசுகள் மேடைகளில் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். ஏரோஸ்கவுட்டில் உள்ள மூன்று செல் லித்தியம் பாலிமர் பேட்டரி, விழுந்து நசுங்கினால் உடனேயோ சற்றுத் தாமதித்தோ தீப்பற்றக்கூடியது. வேறோர் ஊரில் பணச் செலவோடு முடியும் விபத்து, இங்கே உயிர்ச்சேதத்தில் முடியலாம்.

கற்பவருக்கு ஏரோஸ்கவுட் ஏற்ற விமானமே. 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் மாதிரி விமானங்களுக்கும் பொருந்துவதால், அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தில் இடத்தைச் சரிபார்த்து, கண்பார்வை எல்லைக்குள் மட்டும் இயக்க வேண்டும். வரைபடம் அனுமதித்தாலும், பட்டாசு ஆலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தால் பேட்டரியை இணைக்காமலேயே திரும்பிவிடுங்கள்.