வீட்டில் பதிந்த பாட்டை எப்படிக் கேட்பது?

ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போகாமல் திண்ணையிலோ கூத்துக் களரியிலோ கைக்குக் கிடைத்த கருவியில் பிடித்த பாட்டுதான் வீட்டுப் பதிவு. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கொண்டுவந்த கேசட் இதற்கு வழி திறந்தது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் வீட்டில் கேசட்டில் பாடிப் பதிந்த பாட்டுகள், பின்னர் கூடத்தில் பதிந்தவற்றைவிட உயிரோட்டமாக இருந்ததால், ‘நெப்ராஸ்கா’ என்ற தொகுப்பாக அப்படியே வெளியாயின.

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் இந்த வகைக்கு நல்ல உதாரணம் தெருக்கூத்துப் பதிவு. பாரதக் கதையில் வரும் அரவான் களப்பலியை நினைவுகூரும் கூவாகம் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தை ஒட்டி விடிய விடியக் கூத்து நடப்பதும் இப்பகுதிக்குப் பழக்கம்.

இத்தகைய பதிவில் முதலில் கவனிக்க வேண்டியது இரைச்சல். ‘உஸ்’ என்று விடாமல் கேட்பது நாடாவின் ஓசை. சில நிமிடங்களில் காது அதை மறந்துவிடும். நாய்க் குரைப்பும் குழந்தை அழுகையும் அந்த இரவுக்குச் சொந்தமானவை. மென்பொருள் கொண்டு இரைச்சலை வழித்தெடுத்தால் கூத்தில் ஊதும் முகவீணையின் கூர்மையும் கூடவே போய்விடும்.

அடுத்தது தொலைவு. ஒரே மைக்கில் பிடித்த பதிவில், ஆடிக்கொண்டே பாடுபவரின் குரல் நெருங்கும், விலகும். அதைப் பின்தொடர்ந்தால் களரியைச் சுற்றி அவர் நடப்பது தெரியும். ஆனால் குரலின் வலிமையை மட்டும் பதிவை வைத்து எடை போடக் கூடாது. பல டேப் ரெக்கார்டர்கள் ஒலியளவைத் தாமே கூட்டிக் குறைப்பவை. மிருதங்கத்தில் பலத்த அடி விழுந்ததும் குரல் ஒரு கணம் அமுங்கும். பாட்டு நின்றதும் இரைச்சல் பொங்கும். அது கருவியின் குணம்.

சுருதியிலும் இப்படியொரு மயக்கம் உண்டு. பதியும்போது பேட்டரி தளர்ந்தால் நாடா மெதுவாக ஓடும். அதைச் சரியான வேகத்தில் திருப்பிப் போட்டால் பாட்டு விரைந்து, சுருதி ஏறிக் கேட்கும். பாடியவர் ஏற்றிப் பாடினார் என்று எண்ணிவிடக் கூடாது.

பிறகு பின்பாட்டு. முன்னால் நிற்பவர் விட்ட அடியை ஆர்மோனியக்காரரும் மற்றவர்களும் எடுத்துப் பாடுவார்கள். அந்த இடைவெளியில் அவர் மூச்சு வாங்கிக்கொள்வார். இந்தக் கைமாற்றம் பிடிபட்டால் பாதிக் கூத்து பிடிபட்ட மாதிரி. ஆனால் அதை இடைவிடாமல் கேட்க முடியாது: 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 30 நிமிடம்தான். ஆகவே ஒன்பது மணி நேரக் கூத்துக்கு ஒன்பது கேசட் வேண்டும். அரைமணிக்கொரு முறை பாட்டு அறுபடும்.

இத்தகைய பாட்டைத் துணிந்து ஒலிபரப்புபவை சிறு வானொலிகளே. அமெரிக்காவின் டபிள்யூஎஃப்எம்யூ நிலையத்தில் 1990இல் பாடகர் டேனியல் ஜான்ஸ்டன் தொலைபேசி வழியாகவே பாடினார். இந்தியாவில் அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. கல்வி நிறுவனங்களுக்குச் சமுதாய வானொலி நடத்த அனுமதி கிடைத்தபின், 2004 பிப்ரவரி 1 அன்று சென்னையில் அண்ணா எஃப்.எம். 90.4 தொடங்கியது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதியாவது உள்ளூரில் தயாராக வேண்டும் என்ற விதியால், உள்ளூர்க் குரல் அங்கே விருந்தாளியல்ல, வீட்டுக்காரர்.

100 வாட் திறனுள்ள இந்த நிலையங்களின் எல்லை 10 முதல் 15 கிலோமீட்டர். எஃப்.எம். அலை பெரும்பாலும் நேர்கோட்டில்தான் செல்லும். சுமார் 2000 முதல் 3000 அடி உயரமுள்ள, கள்ளக்குறிச்சியை ஒட்டிய கல்வராயன் மலையில் சமவெளியைப் பார்த்த சரிவில் கேட்கும் நிலையம், முகட்டைத் தாண்டிய பள்ளத்தில் மங்கிவிடும். சமவெளியிலிருந்து அடிக்கும் அலையை நம்பி அங்குள்ள மலையாளிப் பழங்குடியினரின் பாட்டைக் கேட்க முடியாது. மலையிலேயே பதிந்து பத்திரப்படுத்துவதுதான் வழி.

வீட்டுப் பரணில் கூத்துக் கேசட் இருந்தால், நாடா பூஞ்சை பிடிக்குமுன் கணினியில் ஏற்றிவிடுங்கள். அட்டையில் ஊர், தேதி, ஜமாவின் (கூத்துக் குழுவின்) பெயர், கட்டிய வேடம் ஆகியவற்றை மறக்காமல் எழுதுங்கள்.