நீரை அளந்தவர்கள்: மாசும் தொலைக்காட்சி ஆவணநாடகமும்

2015 கோடையில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள பிளின்ட் நகரம், தன் குடிநீரில் ஈயம் எவ்வளவு என்று கணக்குக் காட்டியது. எடுத்த மாதிரிகள் 71. அவற்றை ஏறுவரிசையில் அடுக்கி, நூற்றுக்குத் தொண்ணூறாவது இடத்தில் நிற்கும் அளவைப் பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த அளவு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டினால் நகரம் நடவடிக்கை எடுத்தாக வேண்டும், மக்களிடம் சொல்லியாக வேண்டும். 71 மாதிரிகளோடு பார்த்தபோது அது 15ஐத் தாண்டியிருந்தது. மாநிலச் சுற்றுச்சூழல் துறை இரண்டு மாதிரிகளை நீக்கச் சொன்னது. 69 ஆனதும் அளவு 11க்கு இறங்கிவிட்டது. நீக்கப்பட்டவற்றில் ஒன்று லீ ஆன் வால்டர்ஸ் என்ற தாயின் வீட்டுக் குழாயில் பிடித்தது; அதில் ஈயம் 104. அவர் வீட்டில் வடிகட்டி பொருத்தியிருப்பதால் மாதிரி செல்லாது என்றார்கள். வடிகட்டிய பிறகும் அவ்வளவு ஈயமா என்று கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

ஒரு தாளில் இரண்டு வரிகள் அடிபட்டன. பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறிக்கொண்டே இருந்தது. இதை நாடகமாக்குவது எப்படி? நடந்ததை நடிகர்களைக் கொண்டு நடத்திக் காட்டும் ஆவணநாடகம், நீர் மாசைக் கையிலெடுக்கும்போதெல்லாம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். கத்தியால் குத்தியவனைக் காட்டிவிடலாம். மெல்ல மெல்ல நஞ்சாகும் குழாயையும், அதை மறைக்கும் அட்டவணையையும் காட்டுவது கடினம்.

வீடற்றோர் நிலையைச் சொன்ன 'கேத்தி கம் ஹோம்' 1966இல் பிபிசியில் ஒளிபரப்பானபோதே, செய்தியால் அசையாத சமூகத்தை நாடகம் அசைக்கும் என்பது தெரிந்துவிட்டது. நஞ்சு மாசுக்கு எதிரான குடிமக்கள் போராட்டம் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வந்த தொடக்க காலப் படங்களில் ஒன்று, 1982இல் சிபிஎஸ் ஒளிபரப்பிய 'லோயிஸ் கிப்ஸ் அண்ட் த லவ் கெனால்'. நியூயார்க் மாநிலத்தின் நயாகரா ஃபால்ஸ் நகரில், ஒரு ரசாயன நிறுவனம் சுமார் 21,000 டன் கழிவைக் கொட்டி மூடிய பழைய கால்வாயை ஒட்டிக் குடியிருப்பும் பள்ளியும் எழுந்தன. 1978இல் அங்கிருந்த இளம் தாய் லோயிஸ் கிப்ஸ், வீடு வீடாகப் போய் யாருக்கு என்ன நோய் என்று கேட்டு வரைபடத்தில் குறித்தார். பழைய நீரோடைகள் மண்ணுக்கடியில் போன தடத்திலேயே நோய்களும் குவிந்திருந்தன. உயிரியலாளர் பெவர்லி பைகன் அந்தத் தகவல்களை ஆராய்ந்து ஒழுங்குபடுத்தினார். இல்லத்தரசிகள் திரட்டியது எதற்கும் உதவாது என்று அதிகாரிகள் தள்ளிவிட்டார்கள். நச்சுக் கழிவிடங்களைச் சுத்தம் செய்வதற்கான கூட்டாட்சிச் சட்டம் 1980 டிசம்பரில் வந்ததற்கு அந்தப் போராட்டம் ஒரு முக்கியக் காரணம்.

இந்த வகைக் கதைகளின் மூலவடிவம் இன்னும் பழையது. 1882இல் இப்சன் எழுதிய 'மக்களின் எதிரி' நாடகத்தில், ஊரின் குளியல் நீர் கெட்டிருப்பதைக் கண்டுபிடிக்கும் மருத்துவர் தனியாளாக ஊரையே எதிர்த்து நிற்கிறார். சத்யஜித் ராய் 1989இல் அதை 'கணசத்ரு' ஆக்கியபோது கெட்ட நீர் கோயில் தீர்த்தமானது. தனியொருவர் என்ற இந்த அச்சு பின்னால் வந்தவர்களையும் விடவில்லை. 2000இல் வந்த 'எரின் புரோக்கோவிச்' திரைப்படம் ஹிங்க்லி ஊரின் நிலத்தடி நீரில் கலந்த குரோமியத்தைப் பற்றியது. நினைவில் நிற்பதோ ஒரு பெண்ணின் துணிச்சலும் 33.3 கோடி டாலர் இழப்பீடும்தான். அந்தத் துணிச்சல் உண்மையானது, மதிக்கத்தக்கது. ஆனால் நீர் மாசை ஒருவர் தனியாக நிரூபித்துவிட முடியாது. ஒரு வீட்டுக் குழாய் ஒரு வீட்டைப் பற்றி மட்டுமே பேசும்.

பிளின்டின் கதை அதைத் தெளிவாகச் சொல்கிறது. 2014 ஏப்ரலில், செலவைக் குறைக்க, டெட்ராய்ட்டிலிருந்து வந்த ஏரி நீரை நிறுத்திவிட்டு பிளின்ட் ஆற்று நீருக்கு மாறினார்கள். அப்போது நகரம் மாநில ஆளுநர் நியமித்த அவசரகால நிர்வாகியின் கையில் இருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம் முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. ஆற்று நீரில் குளோரைடு அதிகம். குழாயின் உட்புறத்தில் காப்புப் படலத்தைக் காக்கும் பாஸ்பேட்டையும் சேர்க்கவில்லை. படலம் கரைந்து ஈயம் இறங்கியது. அதே ஆண்டு அக்டோபரில், உதிரிப் பாகங்கள் அரிக்கப்படுகின்றன என்று ஜெனரல் மோட்டார்ஸ் தன் எஞ்சின் ஆலைக்கு அந்த நீர் வேண்டாம் என்றது. இரும்புக்கு ஆகாத நீரை மனிதர்கள் மேலும் ஓராண்டு குடித்தார்கள்.

குழாயைத் திறந்து முந்தின இரவே நீரை ஓடவிட்டு, மறுநாள் மாதிரி பிடிக்கச் சொன்ன அன்றைய அதிகாரபூர்வ முறை ஈயத்தைக் கழுவிவிட்டது என்பதை வால்டர்ஸ் படித்துப் படித்தே புரிந்துகொண்டார். வர்ஜீனியா டெக் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸின் குழு அனுப்பிய 300 பெட்டிகளை வால்டர்ஸும் தோழர்களும் வீடுகளுக்குக் கொண்டுபோனார்கள். பெட்டிக்கு மூன்று சீசா: இரவெல்லாம் தேங்கிய முதல் நீருக்கு ஒன்று, சற்று ஓடவிட்ட பிறகு ஒன்று, இன்னும் ஓடவிட்ட பிறகு ஒன்று. 250க்கும் மேற்பட்ட பெட்டிகள் நிரம்பித் திரும்பின. 2015 செப்டம்பரில் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா அட்டிஷா, ரத்தத்தில் ஈயம் மிகுந்த குழந்தைகளின் விகிதம் 2.4இலிருந்து 4.9 சதவீதமாகியிருப்பதை வெளியிட்டார். மாநில அரசு முதலில் அவர் கணக்கைப் பழித்தது; பிறகு ஒப்புக்கொண்டது. அக்டோபர் 16 அன்று நகரம் டெட்ராய்ட் நீருக்குத் திரும்பியது.

லைஃப்டைம் தொலைக்காட்சி 2017 அக்டோபரில் ஒளிபரப்பிய 'பிளின்ட்', டைம் இதழின் கட்டுரையை அடியொற்றி புரூஸ் பெரஸ்ஃபோர்ட் இயக்கியது. அதன் பெரிய பலம், கதையின் நடுவில் ஒருவரை மட்டும் நிறுத்தாதது. வால்டர்ஸ், மெலிசா மேஸ், நய்யிரா ஷரீஃப் என்ற பிளின்ட் போராட்டக்காரர்கள் மூவரும் உண்மைப் பெயர்களிலேயே வருகிறார்கள். குயின் லத்தீஃபா நடித்த ஐஸா பேங்க்ஸ் மட்டும் கற்பனை. பலருடைய துயரத்தைச் சுமக்க ஒரு கற்பனைப் பாத்திரத்தை வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. சான்றைச் சுமக்க வைத்தால்தான் இழப்பு. எச்பிஓவின் 'செர்னோபில்' அணு உலை விபத்துத் தொடரில் பல விஞ்ஞானிகளின் உழைப்பு ஹோம்யுக் என்ற ஒரே கற்பனைப் பெண்ணுக்குள் அடங்கிவிட்டது. பல கைகள் சேர்ந்து கண்டதுதான் அந்த உண்மை என்பது காட்சியிலிருந்தே மறைந்துபோனது. 'பிளின்ட்' அந்தத் தவறைச் செய்யவில்லை.

அதற்குப் போதாதது நேரம். ஒன்றரை மணி நேரத்தில் கோபத்தைக் காட்ட முடிகிறது, கணக்கைக் காட்ட முடிவதில்லை. 2024 ஜனவரியில் பிரிட்டனின் ஐடிவி நான்கு பகுதிகளாக ஒளிபரப்பிய 'மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் த போஸ்ட் ஆபீஸ்' நீரைப் பற்றியதல்ல. பழுதான கணினிக் கணக்கால் திருடர்கள் என்று தண்டிக்கப்பட்ட அஞ்சலகப் பொறுப்பாளர்களின் கதை அது. ரசீதையும் திரையில் மாறும் எண்ணையும் பொறுமையாகக் காட்ட அதற்கு அவகாசம் இருந்தது. அவர்களுடைய தண்டனைகளை ரத்து செய்யும் சட்டம் அவ்வாண்டு மே மாதமே நிறைவேறியது. நீர் மாசுக்கும் அத்தகைய தொடர் வடிவமே பொருந்தும் என்பது என் கணிப்பு. அடிபட்ட இரண்டு வரிகளுக்கே ஒரு முழுப் பகுதி வேண்டும்.

முடிவு எங்கே என்பதும் சிக்கல்தான். 'பிளின்ட்' வெளிவந்த அதே 2017இல், மேஸும் போதகர் அமைப்பு ஒன்றும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில், ஈயக் குழாய்களை மாற்றுவதாக மாநில அரசும் நகரமும் நீதிமன்ற உடன்பாட்டில் ஒப்புக்கொண்டன. மூன்றாண்டில் முடிய வேண்டிய வேலை இழுத்தடித்தது. வழக்குத் தொடுத்தவர்கள் மீண்டும் மீண்டும் நீதிமன்றம் ஏறினார்கள். 2024 மார்ச்சில் நகரம் நீதிமன்ற அவமதிப்புக்கு ஆளானது. அதிகாரிகள் மீதான குற்றவழக்குகள், குற்றம் சாட்டிய நடைமுறை செல்லாது என்ற 2022 தீர்ப்பால் சரிந்து, 2023இல் ஒரு விசாரணையும் நடக்காமலே முடிந்தன. ஏறத்தாழ 11,000 ஈயக் குழாய்கள் மாற்றப்பட்டுப் பணி முடிந்ததாக 2025 ஜூலையில்தான் அறிவித்தார்கள். படம் முடிந்த இடத்திலிருந்து இங்கு வர எட்டு ஆண்டுகள். இந்த எட்டு ஆண்டுகளின் வழக்குகளைத் தொலைக்காட்சி இன்னும் நாடகமாக்க வேண்டியிருக்கிறது.