பழிச்சொல்லும் அயலானும்: ‘ராக்கெட்ரி’ திரைப்படம் குறித்து

1994 நவம்பரில் இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் ஒற்றரெனக் கைதுசெய்யப்பட்டார். அப்பழியைக் கேரள அரசியல் பற்றிக்கொள்ள, 1995-இல் முதலமைச்சர் கருணாகரன் பதவி விலகினார். 1996-இல் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்கு ஆதாரமற்றது என்று அறிவித்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் விஞ்ஞானிக்கு 50 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. இவ்வரலாற்றை 2022-இல் மாதவன் திரைப்படமாக அளித்தார்.

மனைவி மீனாவின் மனம் சிதையும் காட்சிகளில் பழிச்சொல்லின் கொடுமையைப் படம் மெய்யாகவே உணர்த்துகிறது. அதனை நன்றியோடு ஏற்கிறோம். ஆயினும் விகாஸ் இயந்திரத்தின் ஆக்கத்தில் முன்னின்ற மேதை, தேசபக்தர் என்பதே அவருடைய குற்றமின்மைக்குச் சாட்சியாக நிறுத்தப்படுகிறது. நாட்டுக்குப் பயன்படுவோருக்கு மட்டுமா நீதி? அதே வழக்கில் சிறைப்பட்ட மரியம் ரஷீதாவும் பௌசியா ஹசனும் விஞ்ஞானிகள் அல்லர். மாலத்தீவிலிருந்து வந்த அந்நியர். அவர்களும் குற்றமற்றவர்களே. அவர்களுடைய துயரமோ படத்தின் மையத்தில் இடம்பெறவில்லை. பொய்ச்சாட்சியை விலக்கும் கற்பனை அயலானின் தகுதியை விசாரிப்பதில்லை.

சுரங்கப் பொறியாளரும் நிலமிழந்தோரும் அருகருகே வாழும் நெய்வேலி, வடக்குத்துப் பகுதிகளில் ஐயம் எளிதில் முளைக்கும். வதந்தி எழும்பும் நாளில், தீர்ப்பு வருமுன்னரே, இரு சாராரின் நற்பெயரையும் காப்பது ஆயர் பணியின் பகுதியென்று நாம் கருதுகிறோம்.