துவர்ப்பு

என் நாவல்களில் தேநீர் குடிக்காத பாத்திரம் அநேகமாகக் கிடையாது. டேனரியில் தோல் அலசுகிறவன் குடிக்கிறான். அங்கே கணக்கு எழுதுகிறவர் குடிக்கிறார். பெண் பார்க்க வந்த வீட்டார், காப்பிக்குப் பதிலாகத் தேநீர் வந்ததைக் கண்டு முகம் சுளித்துக்கொண்டே குடிக்கிறார்கள். போன வருஷம் ஒரு வாசகியிடமிருந்து கடிதம் வந்தது. கதையைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "உங்கள் மனிதர்கள் குடிப்பது என்ன தேநீர்? அது எப்படி இருக்கும்?"

பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. சூடாக இருக்கும் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் புத்தகங்களை எடுத்துப் புரட்டினேன். எங்கே பார்த்தாலும் 'ஆவி பறக்கும் டீ'. ஒரே நாவலில் பதினோரு இடத்தில் ஆவி பறக்கிறது. ஒரு இடத்திலாவது அது நாக்கில் படவில்லை.

இந்தக் குறை எனக்கு மட்டும் உரியதல்ல என்று நினைத்து ஆறுதல் தேடிக்கொண்டேன். காப்பியைப் பற்றி நம்மவர்கள் எவ்வளவு ருசித்து எழுதியிருக்கிறார்கள்! கொட்டை வறுக்கும் வாசனை, முதல் டிகாக்ஷன், பித்தளை டம்ளர், டபரா எல்லாம் நம் கதைகளில் உண்டு. தேநீர் வருகிறபோது மட்டும் கதாசிரியன் அவசரப்படுகிறான். காரணத்தைத் தேடிப் போனால் ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற புத்தகத்தில் கொண்டுபோய் விடும். காப்பி எப்படி மத்தியதர வீட்டுக்கு ஓர் அடையாளமாயிற்று, தேநீர் எப்படி உழைக்கிறவர்களின் பானமாக ஒதுங்கிற்று என்பதை அவர் எடுத்துக் காட்டுகிறார். எழுதுகிறவன் காப்பி வீட்டிலிருந்து வந்தவன். தன் வீட்டுப் பானத்தை ருசித்தான். மற்றவனுடைய பானத்துக்கு ஆவியை மட்டும் கொடுத்தான்.

சரி, இனிமேலாவது தெரிந்துகொள்வோம் என்று ஒரு வருஷம் தேயிலையைப் படித்தேன். படித்தேன் என்றால், வாங்கிக் குடித்தேன் என்று அர்த்தம். அந்த ஒரு வருஷத்தின் விமர்சனம்தான் இது.

ஆரம்பத்திலேயே ஓர் ஆச்சரியம். பச்சை, கறுப்பு, வெள்ளை, ஊலாங் என்று எத்தனை பெயர் சொன்னாலும் செடி ஒன்றுதான். பறித்த இலையை உடனே சூடு காட்டி, கறுக்கவிடாமல் நிறுத்தினால் பச்சைத் தேயிலை. வாட்டி, கசக்கி, காற்றுப் பட்டுச் சிவக்க விட்டால் கறுப்பு. பாதியில் நிறுத்தினால் ஊலாங். மொட்டையும் இளந்துளிரையும் வாட்டி உலர்த்துவதோடு விட்டுவிட்டால் வெள்ளை. ஒரே சம்பவத்தை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதில்தான் கதைக்குக் கதை வித்தியாசம் என்று நாங்கள் சொல்வோமே, அதே சங்கதிதான்.

நம் கடைகளில் புழங்கும் தூளுக்கு வேறு சரித்திரம். சுருட்டிய இலையாக இருந்ததை, நசுக்கிக் கிழித்துக் குருணையாக்கும் சி.டி.ஸி. யந்திரம் 1930-களில் அஸ்ஸாமில் பிறந்தது. அந்தக் குருணை சீக்கிரம் இறங்கும், நிறம் கொடுக்கும், ஒரு பிடியில் அதிகக் கோப்பை வரும். அதிலும் சன்னமான தூள்தான் டீக்கடைத் துணி வடிகட்டிக்குள் போய்ச் சேருகிறது. பழைய முறையில் சுருட்டிய இலையை வியாபாரிகள் 'ஆர்தடாக்ஸ்' என்கிறார்கள். நான் வாங்கியதெல்லாம் இந்த இலைதான்.

முதலில் டார்ஜிலிங். மார்ச்சு வாக்கில் பறிக்கும் முதல் துளிர், மே ஜூனில் பறிக்கும் இரண்டாம் துளிர், இரண்டும் வரவழைத்தேன். இரண்டாவதில் பழுத்த திராட்சையின் வாடை இருக்கும் என்றும், ஒரு சின்னப் பூச்சி இலையைக் கடிப்பதுகூட அதற்கு ஒரு காரணம் என்றும் படித்திருந்தேன். பிறகு அஸ்ஸாம் இலை, சீனத்துப் பச்சைத் தேயிலை, ஓர் ஊலாங், கடைசியாக நமது நீலகிரியில் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை, உறைபனிக் காலத்தில், செடி மெல்ல மெல்லத் துளிர்க்கும்போது பறிக்கும் குளிர்கால இலை.

சொல்ல வெட்கமாயிருக்கிறது. எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. நிறம் மங்கல். கோப்பையின் மேலே மெல்லிய ஏடு. அது உடைந்து விளிம்பில் பழுப்பாக ஒட்டிக்கொண்டது. திராட்சையும் இல்லை, பூவும் இல்லை. பச்சைத் தேயிலை அகத்திக்கீரை வேகவைத்த தண்ணீர்தான். தேநீர் ரசிகர்கள் எழுதுவதெல்லாம் கற்பனை. விமர்சகர்கள் ஒருவர் சொன்னதை ஒருவர் எடுத்துச் சொல்கிறார்கள். நம் இலக்கிய உலகத்தில் நடக்காததா என்று முடிவு கட்டினேன். இந்தக் கட்டுரையை அப்போதே எழுதியிருந்தால் இதைவிடக் காரசாரமாக இருந்திருக்கும்.

சித்திரையில் ஏலகிரிக்குப் போனேன். ஆம்பூரிலிருந்து ரொம்ப தூரமில்லை. மேலே அக்கா வீடு இருக்கிறது. பையில் அந்த நீலகிரிப் பொட்டலம் கிடந்தது. சாயங்காலம் அக்கா, "அதென்னடா சருகு, கொடு பார்க்கலாம்" என்று வாங்கி, தன் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றினாள். எண்ணி மூன்று நிமிஷம். கோப்பையில் தெளிந்த தேன் நிறம். ஏடு இல்லை. குடித்தேன். மெல்லிய பூ வாசனை; பின்னால் லேசான இனிப்பு; கடைசியில் நாக்கின் இரண்டு ஓரங்களிலும் ஒரு துவர்ப்பு வந்து நின்று, மெதுவாகப் போயிற்று. அதே இலைதான், அதே அளவுதான். இரண்டு கேன் நிறைய அக்கா வீட்டுத் தண்ணீரைக் கீழே கொண்டுவந்தேன்.

வீட்டில் மூன்று கோப்பை வைத்தேன். ஒன்றில் எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர். கொஞ்சம் உப்புத்தான், ஆனால் சிறு வயதிலிருந்து பழகிய நாக்குக்கு அது தெரிவதில்லை. இரண்டாவதில் கடையில் வாங்கும் கேன் தண்ணீர். மூன்றாவதில் ஏலகிரித் தண்ணீர். முதல் கோப்பை பழைய கதை. இரண்டாவது சுத்தமாக, ஆனால் ஒல்லியாக, எலும்பு தெரிகிற மாதிரி இருந்தது. மூன்றாவது பேசிற்று. ஆறு மாதமாக நான் தேயிலையை விமர்சித்துக் கொண்டிருக்கவில்லை. எங்கள் ஊர்த் தண்ணீரை விமர்சித்துக் கொண்டிருந்திருக்கிறேன். அது எனக்கே தெரியவில்லை.

தேநீரைப் பற்றிய புத்தகங்களை அதற்குப் பிறகு வேறு கண்ணோடு படித்தேன். ஜார்ஜ் ஆர்வெல் 1946-ல் ஒரு கட்டுரை எழுதினார். நல்ல தேநீருக்குப் பதினோரு விதிகள். தண்ணீர் கொதித்துக் கொண்டிருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறார். எந்தத் தண்ணீர் என்று கேட்பதில்லை. பிரிட்டிஷ் தரநிர்ணய நிறுவனம் தேநீர் போடும் முறைக்கு ஆறு பக்கத்தில் ஒரு விதிமுறை வெளியிட்டது. அதற்காக 1999-ல் அதற்கு இலக்கியத்துக்கான 'இக் நோபல்' என்ற கேலிப் பரிசு கொடுத்தார்கள். எட்டாம் நூற்றாண்டுச் சீனத்தில் லூ யூ எழுதிய 'சா ஜிங்' என்ற நூல்தான் விஷயத்தின் வேரைத் தொடுகிறது. இலையைச் சொன்னதோடு அவர் நிற்கவில்லை; தண்ணீரையும் தரம் பிரிக்கிறார். மலைச்சுனை முதல், ஆறு அடுத்தது, கிணறு கடைசி. ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு மேல் பழசான அந்தத் தீர்ப்பை எங்கள் பாலாற்றங்கரையில் வைத்துப் பார்த்தேன். மலைச்சுனை இங்கே இல்லை. ஆற்றில் பெரும்பாலான நாள் மணல்தான்; மணலும் குறைந்துவிட்டது. மிஞ்சியது கிணறு.

அந்தக் கிணற்றின் கதை ஊரறிந்தது. முன்பெல்லாம் இங்கே தோலுக்கு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டார்கள். பிறகு குரோமியம் வந்தது. கெடாமலிருக்க உப்பிட்டு வரும் தோலை அலசினால் அந்த உப்பு எங்கே போகும்? வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று; 1996-ல் தீர்ப்பு வந்தது. கெடுத்தவனே ஈடு கொடுக்கவேண்டும் என்ற விதி இந்த நாட்டுச் சட்டத்தில் காலூன்றியதற்கு எங்கள் தண்ணீர் ஒரு காரணம். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்திருக்கின்றன. ஆனாலும் 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதே விஷயத்தைப் பற்றி மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. எங்களில் பாதிப்பேருக்குச் சோறு போட்டது அந்தத் தொழில்தான் என்பதும் வாஸ்தவம். என் நாவல்களுக்கு விஷயம் கொடுத்ததும் அதுதான்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஆவாரம்பட்டை தோலைப் பதனிடுவதும், தேநீர் நாக்கைத் துவர்க்கச் செய்வதும் ஒரே வேலைதான். துவர்ப்புச் சத்து புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. தோலில் பற்றினால் தோல் அழுகாமல் நிற்கிறது. வாயில் எச்சிலின் வழவழப்பைப் பற்றினால் நாக்கு இழுக்கிறது. பால் ஊற்றினால் அந்தத் துவர்ப்பு பாலில் உள்ள புரதத்தைப் பற்றிக்கொண்டு நாக்கை விட்டுவிடுகிறது. பால் சேர்த்த தேநீர் சாதுவாக இருப்பதற்கு இதுவே ரகசியம்.

இத்தனை ஞானத்தையும் சுமந்துகொண்டு, புது ரசிகனுக்குரிய கர்வத்தோடு, பஜாரில் வழக்கமாக நான் போகும் டீக்கடைக்குப் போனேன். பாய்லருக்குப் பின்னால் நிற்கிற பாயிடம் தூளின் குற்றங்களை எடுத்துச் சொன்னேன். அவர் ஒரு டிகாக்ஷனை வடித்து முடிக்கும் வரையில் பேசாமல் கேட்டார்.

"இலையெல்லாம் எனக்கும் தெரியும் ஸார். குன்னூர்ல நாலு வருஷம் இருந்தவன். இங்க இன்னா பண்றது? தண்ணி ஒரு நாளைக்கு ஒரு மாதிரி வருது. சரியில்லேன்னா தூளை ஏத்துவேன், பாலை ஏத்துவேன், இஞ்சி தட்டிப் போடுவேன். குடிக்கிறவன் தண்ணியை நினைக்கக் கூடாது ஸார். அதான் டீ மாஸ்டர் வேலை."

என் கர்வம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. நான் குற்றமென்று சொன்னதெல்லாம் அவருக்குத் தெரிந்தே செய்கிற கைத்திறன். இலைத் தேநீருக்கு நல்ல தண்ணீர் என்ற செல்வம் வேண்டும். அது இல்லாத ஊரில் ஷிப்டு முடிந்து வருகிறவனுக்கு வாய்க்கு இதமாக ஒரு கோப்பை கொடுக்கிறார் அவர். தூள் டீயைத் தாழ்ந்த ரசனை என்று இனி நான் சொல்லமாட்டேன்.

ஆனால் அவர் சொன்னதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. மறைப்பது டீ மாஸ்டருக்குத் தர்மமாக இருக்கலாம், எழுத்தாளனுக்கு ஆகாது. நானும் அதே வேலையைத்தான் செய்து வந்திருக்கிறேன். பாலாற்றங்கரை மனிதர்களை எழுதும்போது பாசம், சண்டை, கண்ணீர், கொஞ்சம் இஞ்சி என்று ஏற்றிக்கொண்டே போனேன். வாசகர் தண்ணீரை நினைக்கவில்லை. 'ஆவி பறக்கும் டீ' என்று எழுதிய பதினோரு இடத்திலும் மறைந்து கிடந்தது அந்தக் கிணறுதான். வட்டாரத்தை உள்ளபடி காட்டுகிறவன் என்று என்னைப் புகழ்ந்தவர்கள் உண்டு. அவர்கள் அக்கா வீட்டுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்ததில்லை.

எனக்குப் பிடித்தவை எவை என்று கேட்பீர்கள். நீலகிரியின் குளிர்கால இலைக்கு முதலிடம். பால் வேண்டாம், மூன்று நிமிஷம் போதும். இரண்டாம் துளிர் டார்ஜிலிங் அடுத்தது. நல்ல தண்ணீரில் அந்தத் திராட்சை வாடை பொய்யல்ல, நான்தான் பொய் சொல்லியிருந்தேன். ஊலாங்கை ஒரே இலையில் மூன்று தடவை ஊற்றிக் குடிக்கலாம். மூன்றாவது தடவைதான் சுகம். அஸ்ஸாம் இலை பாலைத் தாங்கும், காலைக்கு நல்லது. பச்சைத் தேயிலையோடு மட்டும் இன்னும் சிநேகம் உண்டாகவில்லை. கொதிக்கிற தண்ணீரை அதன் மேல் ஊற்றக்கூடாது, கொஞ்சம் ஆறவிட வேண்டும் என்கிறார்கள்; அந்தப் பொறுமை எனக்கு வரவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பாய் கடைத் தேநீர். அதில் மாற்றமில்லை.

அந்த வாசகிக்கு ஒரு வருஷம் கழித்துப் பதில் எழுதினேன். "அம்மா, என் மனிதர்கள் குடிப்பது தூள் டீ. பாலும் சர்க்கரையும் தூக்கலாக இருக்கும். அதற்குக் காரணம் உண்டு. அடியில் கொஞ்சம் உப்புக் கரிக்கும். அதை நான் எழுதியிருக்க வேண்டும்."