மாண்டவர் வரவில்லை!

"வருகிறார், இதோ வருகிறார்!" என்று காத்துக் கிடந்தது ஒரு கூட்டம். வரவேண்டியவர் மாண்டு இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதுபற்றிக் கூட்டத்தார்க்குக் கவலையில்லை!

இடம், அமெரிக்க நாட்டின் டல்லாஸ் நகரம். நாள், 2021 நவம்பர் 2. குடியரசுத் தலைவர் கென்னடி 1963-இல் சுட்டு வீழ்த்தப்பட்ட அதே திடலில், 1999-இல் வானூர்தி கடலில் வீழ்ந்து மாண்ட அவருடைய மகன் உயிரோடு தோன்றுவார், அதன்பின் டிரம்ப் மீண்டும் ஆட்சிபீடம் ஏறுவார் என்று நம்பி நூற்றுக்கணக்கானோர் கூடி நின்றனர். கையிலே கொடி, கண்ணிலே ஏக்கம். குறித்த நேரம் வந்தது, போயிற்று. மாண்டவர் வரவில்லை. வெட்கித் தலைகுனிந்து வீடு திரும்பினரோ? சிலர் திரும்பினர். வேறு சிலரோ, "இன்றிரவு இந்நகரிலே ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரின் இசை நிகழ்ச்சி இருக்கிறது, அங்கே தோன்றுவார்" என்றனர்! மாண்டவர் மீண்டுவர மேடையும் வேண்டுமாம், மேளதாளமும் வேண்டுமாம்!

எழுத்து மணம் அறியாத ஏழை எளியோர் அல்லர் இவர்கள். நிலவுக்கு ஆள் அனுப்பிய நாட்டின் குடிமக்கள். (அந்த நிலவுப் பயணமே பொய் என்போரும் அங்கு உண்டு, அந்தக் கதை இன்று வேண்டாம்.) பள்ளியும் நூலகமும் பக்கத்திலிருக்க, இப்படியொரு மயக்கம் எங்கிருந்து வந்தது?

2017 அக்டோபர் இறுதியில், இணையத்தின் ஒரு மூலையிலே பெயர் கூறாத ஒருவர் எழுதத் தொடங்கினார். 'கியூ' என்ற ஒற்றை எழுத்தே பின்னர் அவருக்குப் பெயராயிற்று. அரசின் மறைபொருள் அனைத்தும் தமக்குத் தெரியும் என்றார். ஆட்சியையும் செல்வத்தையும் கைக்கொண்ட ஒரு கொடியோர் கூட்டம் குழந்தைகளை வதைக்கிறது, அதனை டிரம்ப் ஒருவரே மறைவில் நின்று அழிக்கிறார் என்பது கதையின் சாரம். முதல் வாக்கு என்ன தெரியுமோ? அக்டோபர் 30 காலை 7.45-க்கும் 8.30-க்கும் இடையே ஹிலாரி கிளின்டன் கைது செய்யப்படுவார்! நம் ஊர்ச் சோதிடருக்குக்கூட இத்துணைத் துணிவு வாராது. குருப்பெயர்ச்சி கழியட்டும் என்று நழுவுவார் அவர். மணியும் நிமிடமும் குறித்துக்கொண்டு மாட்டிக்கொள்ள மாட்டார். கிளின்டன் கைதாகவில்லை. அன்றே முடிந்திருக்க வேண்டிய கதை, அன்றுதான் தொடங்கிற்று. 2020 முடிவதற்குள் ஏறத்தாழ 5,000 குறிப்புகள்!

அக்குறிப்புகளை எழுத்து என்ற முறையில் எடுத்து ஆராய்ந்தால் ஒரு சூட்சுமம் புலப்படும். முழு வாக்கியம் அருகியே வரும். முறிந்த சொற்கள், முதலெழுத்துகள், வினாக்குறிகள். "ஏன் சென்றார்? யார் அழைத்தார்? எவருக்கு ஆதாயம்?" என்ற பாணி. வினாவை விதைத்துவிட்டு விலகிக்கொள்கிறார் எழுதியவர். விடையை இட்டு நிரப்புகிறவர் படிப்பவர். பிறன் சொன்னதை ஐயுறலாம், தானே கண்டுபிடித்ததை எவன் ஐயுறுவான்? பெற்ற பிள்ளையைப் போல் அதனை மார்போடு அணைத்துக்கொள்கிறான். வாக்குப் பொய்த்தால் வாக்கைப் பழிப்பதில்லை, தான் செய்த கணக்கில் பிழை என்று மறுபடி கணக்கிடுகிறான். 2021 ஜனவரி 20-இல் பைடன் பதவியேற்கும் மேடையிலேயே பகைவர் அனைவரும் பிடிபடுவர் என்றனர். பிடிபடவில்லை. மார்ச் 4 என்றனர். 1933 வரை குடியரசுத் தலைவர்கள் பதவியேற்று வந்த பழைய நாள் அது. அன்று ஒன்றும் நிகழவில்லை. ஆயினும் நாடாளுமன்றக் கீழவை, காவலரின் எச்சரிக்கை கேட்டு, அன்றைய கூட்டத்தையே கைவிட்டது. அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. ஜனவரி 6-இல் அதே கட்டடத்தை உடைத்து உள்ளே புகுந்தோரில் இந்த நம்பிக்கையினரும் இருந்தனர்.

நமக்கு உறுத்துவது வேறொன்று. "எதையும் ஐயுறு, கேள்வி கேள், நீயே ஆராய்ந்து பார்" என்பன இவர்களின் முழக்கங்கள். நம் நாவில் நாளும் நடமாடும் சொற்கள் அல்லவா இவை! பகுத்தறிவின் மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டு மடமை வீதியுலா வருகிறது. உற்று நோக்கினால் வேறுபாடு தெரியும். அரசை ஐயுறுவர், மருத்துவரை ஐயுறுவர், செய்தித்தாளை ஐயுறுவர். பெயரும் முகமும் இல்லாத 'கியூ'வை மட்டும் ஐயுறார். எது நிகழ்ந்தால் உம் கூற்றுப் பொய்யென ஒப்புவீர் என்று கேட்டுப் பாருங்கள். சான்று இல்லை என்பதே மறைத்ததற்குச் சான்று என்பர்!

சதியே உலகில் இல்லையென்று சாதிக்க வரவில்லை நாம். 1972 ஜூனில், வாஷிங்டன் வாட்டர்கேட் கட்டடத்தில் இருந்த எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஐவர் பிடிபட்டனர். பிடிபட்டது எதனால்? கதவுத் தாழில் ஒட்டியிருந்த ஒரு துண்டு நாடாவைக் காவலாளி கண்டதனால்! அதை மூடி மறைக்க நாட்டின் தலைவரே முனைந்தார். அவர் பதிவுசெய்து வைத்த பேச்சே அவரைக் காட்டிக்கொடுத்தது. 1974 ஆகஸ்டில் நிக்சன் பதவி துறந்தார். ஆற்றல் மிக்க அரசின் உண்மைச் சதி இவ்வளவு அசடு. கற்பனைச் சதிகாரரோ ஆயிரமாயிரம் பேர் கூடியும் ஒருவர்கூட வாய் தவறார், ஒரு காகிதம்கூடச் சிந்தார்!

'கியூ' தோன்றுவதற்கு ஓராண்டு முன்பே இக்கதைக்கு ஒரு முன்கதை உண்டு. 2016-இல் கிளின்டன் தேர்தல் பணித் தலைவரின் மின்னஞ்சல்கள் திருடப்பட்டு வெளியாயின. அவற்றில் உணவுப் பெயர்கள் இருந்தன. பீட்சா என்றால் பீட்சா அன்று, குழந்தைக் கடத்தலின் மறைமொழி என்றனர். வாஷிங்டனில் உள்ள ஒரு பீட்சாக் கடையின் நிலவறையில் குழந்தைகள் அடைபட்டிருப்பதாகக் கதை பரவிற்று. டிசம்பர் 4 அன்று 28 வயது இளைஞர் ஒருவர், வட கரோலினாவிலிருந்து துப்பாக்கியோடு வண்டியோட்டி வந்தார், குழந்தைகளை மீட்க! உள்ளே புகுந்து சுட்டார். பூட்டிய அறையைத் திறந்து தேடினார். குழந்தை ஒன்றும் இல்லை. கடைக்கு நிலவறையே இல்லை! துப்பாக்கியை வைத்துவிட்டு, கைகளை உயர்த்தி வெளியே வந்து சரணடைந்தார். எவர்மீதும் குண்டு படாதது நற்பேறு. நான்காண்டுச் சிறை.

அவர் செய்தது கொடுஞ்செயல், ஐயமில்லை. எனினும் அக்கதையை நம்பியோருள், நேரில் சென்று பார்த்து, இல்லையென்று கண்டதும் இல்லையென ஏற்றவர் அவர். வீட்டில் அமர்ந்திருந்த ஏனையோர் என்ன கூறினர்? அவர் ஏவிவிடப்பட்ட நடிகர், உண்மையை மூடவே அந்த நாடகம் என்றனர். கடை ஊழியர்களுக்குக் கொலை மிரட்டல்கள் ஓயவில்லை. 2019 ஜனவரியில் வேறொருவர் வந்து அதே கடையின் பின்னறையில் தீ வைத்தார். ஊழியர்கள் ஓடிவந்து அணைத்தனர்.