மேடையும் முற்றமும்
பொது நூலகத்தின் வாசகர் வட்டம் என்றாலே நூல் வெளியீடு, சொற்பொழிவு, பொன்னாடை என்றாகிவிட்டது. அவற்றை நாம் பழிக்கவில்லை. எதிரே அமர்ந்திருப்போர் யார் என்றே வினவுகிறோம். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே பரங்கிப்பேட்டை இருக்கிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவ்வூராரும் வீட்டு வரியோடு நூலக வரி செலுத்துவோரே. ஆனால் அவ்வீட்டு மூதாட்டியருக்கு நூலகம் செய்வது என்ன?

அவர்களுள் தமிழெழுத்தைக் கூட்டிப் படிப்போரும், அரபுத்தமிழைத் தடையின்றி ஓதுவோரும் இன்றும் உண்டு. (இவர்களைப் படிக்காதவர் கணக்கில் சேர்ப்பது நமக்கு உடன்பாடன்று.) அவர்கள் மாலைகளையும் முனாஜாத்துகளையும் கிஸ்ஸாக்களையும் ஓத, பேத்தியர் கேட்டுத் தமிழெழுத்தில் எழுதிக்கொள்ள, மாதம் ஒரு பிற்பகலை நூலகம் ஒதுக்குமாயின் பத்து வெளியீட்டு விழாக்களினும் அது மேலாம். அச்சேறாத கையெழுத்துப் படிகளும் அப்போது பெட்டிகளிலிருந்து வெளிவரக்கூடும்.

அவர்கள் வரமாட்டார்கள் என்பது ஒரு சமாதானம். 1931இல் மன்னார்குடியில் கனகசபையார் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்குக் கொண்டு சென்றாரே, அவர் யாரையும் வரச் சொல்லிக் காத்திருக்கவில்லை.

வாசகர் வட்டத்தார் அடுத்த கூட்டத்தைப் பரங்கிப்பேட்டையில், ஒரு வீட்டு முற்றத்தில், லுஹருக்கும் அஸருக்கும் இடையே வைத்துப் பார்க்கட்டும். பாய் விரித்துத் தர ஜமாஅத்தார் இருக்கின்றனர்.